கை அறிந்த கருவி

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பாடற்குழுப் பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொன்விழாக் குழுவினர் என்னிடம் வந்து, “திருப்பலியில் கீபோர்டு என்ற பொருளில் அரைமணி நேரம் பேச வேண்டும்” என்று கேட்டபோது நான் மிகவும் தயங்கினேன். நான் இசை மேதையல்லன். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடகர் மாடியில் அமர்ந்து, பாடுகிறவர்களோடு கூடவே வாசித்து வருகிறவன், அவ்வளவே. எந்தப் பாட்டை எப்படி வாசிப்பது என்று சொல்ல என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த மன்றத்திலே இருக்கிறார்கள். ஆகையால் நான் பாட்டை விட்டுவிட்டுக் கருவியைப் பற்றி, அதிலும் அதன் பொத்தான்களையும் குமிழ்களையும் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். பொத்தானைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. பொன்விழா நினைவாகப் புதிய கீபோர்டு ஒன்று வாங்குவதென்று நமது பங்குப் பேரவை தீர்மானித்திருக்கிறது. வாங்கிய பிறகு சொல்லிப் பயனில்லாத சில செய்திகளை, வாங்குவதற்கு முன்னே சொல்லிவிட வேண்டும் என்பதே என் நோக்கம்.

முதலில் நம்முடைய பழைய நண்பராகிய ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்வோம். அதை முழுக்க முழுக்க நம் நாட்டுக் கருவி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது பாரிஸ் நகரத்துப் பிள்ளை. 1840களின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் அதற்கு ஆர்மோனியம் என்று பெயரிட்டுக் காப்புரிமை பெற்றார். அந்தக் கருவியை நாற்காலியில் அமர்ந்து, காலால் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிக்க வேண்டும். நம் மக்களோ தரையில் சம்மணமிட்டுப் பாடுகிறவர்கள். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் முதலியோர் அதைக் குறுக்கி, துருத்தியைப் பின்புறம் வைத்து, இடக்கையால் காற்றூதி வலக்கையால் வாசிக்கும்படி அமைத்தார்கள். வாசிக்கிற மனிதர் எப்படி உட்காருகிறார், அவருடைய எந்தக் கை ஓய்வாக இருக்கிறது என்று பார்த்துக் கருவியைத் திருத்திய அந்தக் கைவினைஞர்களின் அறிவை நான் பலமுறை வியந்ததுண்டு.

அந்தப் பெட்டியின் முகப்பில் வரிசையாகச் சில குமிழ்கள் இருக்கும். குமிழை இழுத்தால் காற்றுப் பாதை திறக்கும், தள்ளினால் மூடும். இழுத்த குமிழ் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். விளக்கணைந்த இருட்டிலும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தால், எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று கருவியின் நிலை முழுவதும் கைக்குத் தெரிந்துவிடும். கட்டை மாற்றும் வசதியுள்ள ஆர்மோனியத்தில் கட்டைவரிசையே பக்கவாட்டில் நகரும். நாலு கட்டையில் பாடுகிறவருக்கும் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவருக்கும் ஒரே விரலமைப்பில் வாசிக்கலாம். ஆனால் கட்டைகள் நகர்ந்திருக்கின்றன என்பதைக் கண்ணும் காணும், கையும் உணரும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆர்மோனியத்துக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம்முடைய கமகங்கள் அதில் வரா என்ற காரணத்தால் அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு அதைத் தடை செய்தது. அந்தத் தடை 1971இல்தான் தளர்ந்தது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே உள்ள ஓசையை அதனால் தொட முடியாது. ஆனால் தன்னால் இயன்றதை அது ஒளிக்காமல் கைக்குக் காட்டியது.

இனி பெரிய ஆர்கன்களைப் பாருங்கள். பாரிஸ் நகரத்துப் புனித சுல்பீஸ் ஆலயத்தில் கவாயே-கோல் என்ற புகழ்பெற்ற கலைஞர் 1862இல் முடித்த ஆர்கனுக்கு ஐந்து கட்டைவரிசைகள்; நூறு ஒலி வகைகள். நூறு குமிழ்களை ஒரே நேர்கோட்டில் வைத்தால் வாசிப்பவர் எழுந்து ஓட வேண்டியிருக்கும். ஆகவே அவர் அவற்றை அரைவட்டப் படிக்கட்டாக, வாசிப்பவரைச் சூழ்ந்து நிற்கும்படி அமைத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டும். எந்தப் படியில் எத்தனையாவது குமிழ் என்று கை கற்றுக்கொள்ளும்.

இந்த அமைப்பின் அருமை யாருக்கு அதிகம் தெரிந்திருக்கும்? கண் பார்வை இல்லாதவர்களுக்குத்தான். பார்வையற்றோர் விரலால் படிக்கும் புள்ளி எழுத்தை உலகுக்குத் தந்த லூயி பிரேய் பாரிஸ் நகர ஆலயங்களில் ஆர்கன் வாசித்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிறவியிலேயே கண்புரையால் பெரும்பாலும் பார்வை இழந்த லூயி வியேர்ன், 1900 முதல் பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயத்தின் ஆர்கன் கலைஞராக இருந்தார். 1937 ஜூன் 2ஆம் நாள் அதே ஆர்கன் முன் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோதே உயிர்நீத்தார். முப்பத்தேழு ஆண்டுகள் அவருக்குக் கண்ணாக இருந்தவை கைகளும் கால்களும். கட்டைவரிசையும் அதற்குத் துணை நிற்கிறது. கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்பதால்தானே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாம் கட்டையைத் தொட முடிகிறது? எல்லாம் ஒரே சீராக இருந்திருந்தால் பார்வை உள்ளவரும் திணறிப் போவார்.

மின்சாரம் வந்த பிறகும் சிறிது காலம் இந்த அறிவு நீடித்தது. 1935இல் அமெரிக்காவில் வெளிவந்த ஹாமண்ட் ஆர்கனை ஏராளமான கோயில்கள் வாங்கின. அதில் ஒலியை அமைக்க ஒன்பது இழுப்பான்கள் கொண்ட தொகுதிகள் உண்டு. ஒவ்வோர் இழுப்பானையும் கொஞ்சமாகவோ நிறையவோ இழுத்து, அந்த அளவுக்கு ஒலியைச் சேர்க்கலாம். பழுப்பு, வெள்ளை, கறுப்பு என்று நிறமும் பிரித்திருந்தார்கள். எவ்வளவு இழுத்தோமோ அவ்வளவு வெளியே தெரியும்.

பிறகு 1980இல் கேசியோ நிறுவனத்தார் சிறிய மின்னணு இசைப்பலகையை வெளியிட்டார்கள். 1983இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்தது. அதன் ஓசை உலகெங்கும் திரைப்படங்களிலும் வானொலிகளிலும் ஒலித்தது. ஆனால் அதன் முகப்பைப் பார்த்தால், துணி விரித்ததுபோல் தட்டையான பொத்தான்கள். மதிப்பைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு நகர்த்தி. சிறிய எழுத்துத் திரை. புது ஒலிகளை உருவாக்க எவ்வளவோ வழி இருந்தும், பெரும்பாலோர் உள்ளே ஏற்கெனவே இருந்த ஒலிகளையே வாசித்துத் திருப்தியடைந்தார்கள். வழி அடைபட்டிருக்கவில்லை, கைக்குத் தென்படவில்லை. ஒவ்வொரு குமிழுக்கும் விலை உண்டு. ஒரு பொத்தானுக்குப் பத்து வேலைகளைக் கொடுத்து, எந்த வேலை என்பதைத் திரையில் எழுதிவிட்டால் செலவு குறையும். நம் போன்ற எளிய பங்குகளும் கீபோர்டு வாங்க முடிந்ததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். ஆகவே செய்தவர்களைக் குறை சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை.

கைக்கேற்ற அமைப்பு கீபோர்டிலும் உண்டு. இடப்பக்கம் இருக்கும் சுருதி வளைக்கும் சக்கரத்தைச் சொல்கிறேன். உருட்டினால் ஓசை வழுக்கிக்கொண்டு மேலேயோ கீழேயோ போகும். விட்டால் சுருள்வில் அதை நடுவுக்கே திருப்பிவிடும். பார்க்கத் தேவையில்லை, அது எங்கே நிற்கிறது என்ற கவலையும் இல்லை. ஆர்மோனியத்தால் இயலாத கமகத்துக்கு இந்தச் சக்கரம் வழி திறந்தது. சென்னையில் சத்யநாராயணன் என்ற இளங்கலைஞர் சிறு வயதிலிருந்தே கர்நாடக இசைக் கச்சேரிகளைக் கீபோர்டில் நிகழ்த்திப் புகழ்பெற்றிருக்கிறார்.

அன்பர்களே, இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த நம் பங்கின் சொல்தா குடும்பம் ஒன்று, தங்கள் பெற்றோர் நினைவாக நமக்கு ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தது. அவர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். அந்தக் கருவியில் என் கைகள் செய்த பிழைகளை இன்று மனம் திறந்து சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் அடக்கத் திருப்பலி. நற்கருணை வழங்கி முடிந்து, எல்லாரும் மௌனமாக முழந்தாளிட்டிருந்தார்கள். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிய என் முழங்கை ஒரு பொத்தான்மேல் பட்டது. அடுத்த கணம் தாளப் பெட்டி முழங்கத் தொடங்கியது. நடன மேடைக்குரிய துரித தாளம்! நிறுத்தும் பொத்தானைத் தேடினேன். ஒரே அளவில், ஒரே வடிவில், ஒரே நிறத்தில் இருபது பொத்தான்கள். அதற்குள் நான்கைந்து விநாடிகள் கடந்துவிட்டன. தாயைப் பறிகொடுத்து முதல் வரிசையில் இருந்த மகன் திரும்பி மாடியைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்முன் நிற்கிறது. பிறகு அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அண்ணே” என்று பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்குத்தான் பல நாள் உறக்கம் வரவில்லை.

மற்றொரு முறை கொடியேற்றத் திருவிழா. முந்தின நாள் மறைக்கல்விப் பிள்ளைகள் பயிற்சிக்காக டிரான்ஸ்போஸ் பொத்தானை மூன்று முறை அழுத்திவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஒன்றாம் கட்டையில் விரலை வைத்தேன். கருவியோ இரண்டரைக் கட்டையில் பேசியது. வருகைப் பாட்டின் உச்சிக்குப் போகும்போது நம் சகோதரிகள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். முன்பு சொன்ன ஆர்மோனியத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். அதில் சுருதி மாறினால் கட்டைவரிசையே நகர்ந்து நிற்கும். இதில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, உள்ளே மட்டும் மாறியிருக்கிறது.

மின்சாரம் ஒரு நொடி போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால், அமைத்து வைத்த அனைத்தும் மறைந்து கருவி பழைய நிலைக்குப் போய்விடும். நெடுநேரம் தொடாமல் இருந்தால் தானே அணைந்துகொள்ளும் வழக்கமும் சில கருவிகளுக்கு உண்டு. பங்குத்தந்தை அவர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு பெருவிழா மறையுரை முப்பது நிமிடத்தைத் தாண்டியபோது, கீழே சிலர் உறங்கியதுபோல் மேலே கீபோர்டும் உறங்கிவிட்டது.

இவற்றைச் சிரித்து மறந்துவிடலாம். ஆனால் சிரிக்க முடியாத ஒன்று உண்டு. இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நமது முன்னாள் உபதேசியார் ஐயா அவர்களிடம்தான் நான் ஆர்மோனியம் கற்றேன். நாற்பது ஆண்டுகள் இந்த ஆலயத்தில் பாட்டை நடத்தியவர். கண்நீர் அழுத்த நோயால் அவர் பார்வை சிறிது சிறிதாக மங்கியது. ஆர்மோனியம் இருந்தவரை அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. பாட்டுகள் மனப்பாடம், குமிழ்கள் கைப்பாடம். கீபோர்டு வந்தது. இரண்டு ஞாயிறு வாசித்தார். மூன்றாம் ஞாயிறு மாடிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “தம்பி, எல்லாப் பொத்தானும் ஒண்ணு போலவே இருக்கே. எதைத் தொட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்? பூசை நேரத்துல என்னால ஒரு தப்பு வந்துடக் கூடாதுப்பா” என்றார்.

நாங்கள் அனைவரும், ‘ஐயாவுக்கு வயதாகிவிட்டது’ என்று சொல்லிக்கொண்டோம். நானும் சொன்னேன். எட்டு ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த அடக்கத் திருப்பலிக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நல்ல கண் உள்ள எனக்கே நிறுத்தும் பொத்தான் கிடைக்கவில்லையே. அவர் அன்று சொன்னது கருவியைப் பற்றியல்லவா? நாம் அதை அவர் வயதைப் பற்றியதாக மாற்றிவிட்டோமே!

அதற்குப் பிறகு பாடற்குழு இளைஞர்களோடு சேர்ந்து சில சிறு வேலைகள் செய்தோம். தண்ணீர்ப் பாட்டில் மூடியின் விளிம்பை வளையமாக வெட்டி, தாளம் தொடங்கும் பொத்தானைச் சுற்றி ஒட்டினோம். விரலை உள்ளே விட்டு அழுத்தினாலொழிய இனி அது இயங்காது. முழங்கை பட்டாலும் கவலையில்லை. டிரான்ஸ்போஸ் பொத்தான்களில் கூட்டுவதற்கு இரண்டு துளி, குறைப்பதற்கு ஒரு துளி என நகப்பூச்சைத் தடிப்பாக வைத்துக் காயவிட்டோம். அமைப்புகளைச் சேமித்து வைக்கும் நினைவுப் பொத்தான்கள் நான்கு நம் கருவியில் உண்டு. முதலாவதில் ஆர்கன் ஒலி, சுருதி மாற்றமில்லை, தாளமில்லை என்று பதிந்துவைத்தோம். மின்சாரம் போய் வந்தாலும் அது அழிவதில்லை. திருப்பலி தொடங்குமுன் அதை ஒருமுறை அழுத்திவிட்டால், முன்பு யார் எதை மாற்றியிருந்தாலும் கருவி நாம் அறிந்த நிலைக்கு வந்து நிற்கும். தானே அணையும் வசதியையும் கையேட்டைப் படித்து நிறுத்திவைத்தோம்.

பிறகு ஐயாவை அழைத்து வந்தோம். ஒரு மாதம் மாலைதோறும் பழகினார். திரையை அவரால் படிக்க முடியாது. நூற்றுக்கணக்கான ஒலிகளில் வேண்டியதை எண்ணால் தேட முடியாது. அந்தக் குறையை எங்களால் தீர்க்க முடியவில்லை. “எனக்கு நாலு போதும்ப்பா” என்றார். நான்கு பொத்தான்களில் அவருக்கு வேண்டிய நான்கு ஒலிகள். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில், உன்னத கீதத்தை அவர்தான் வாசித்தார். அன்று மாடியில் இருந்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். எட்டு ஆண்டுகளை நாம் வீணாக்கிவிட்டோம் என்ற வருத்தமும் எனக்கு அன்றுதான் மிகுந்தது.

ஐயாவுக்கென்று செய்த இந்த ஏற்பாடுகள் எங்களையும் காப்பாற்றின. அதற்குப் பின் ஒருமுறையும் தாளம் தானாக முழங்கவில்லை. இதற்கு ஓர் ஆழ்ந்த காரணம் உண்டு. திருவழிபாட்டு இசையைப் பற்றி 1967இல் திருச்சபை வெளியிட்ட ஏடு, கருவி வாசிப்பவர் திறமையோடு நின்றுவிடாமல் திருவழிபாட்டின் உணர்வுக்குள்ளும் நுழைய வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. நம் கண் பீடத்தின்மேலும், பாடுகிறவர்களின் முகத்தின்மேலும் இருக்க வேண்டியது. அந்தக் கண்ணைக் கருவி பறித்துக்கொண்டால், நாம் ஆலயத்தில் இருந்தும் இல்லாதவர்களாகிறோம்.

ஆகவே புதிய கீபோர்டு வாங்கப் போகிற குழுவினருக்கு என் வேண்டுகோள்கள் சில. கடைக்காரர் சொல்லும் ஒலிகளின் எண்ணிக்கையை முதலில் கேளாதீர்கள். கருவியின் முன் அமர்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒலியளவைக் குறைக்க முடிகிறதா? தாளத்தை உடனே நிறுத்த முடிகிறதா? நினைவுப் பொத்தான்கள் கைக்குத் தனியே தெரிகின்றனவா? ஒலியளவுக்குக் குமிழோ நகர்த்தியோ இருந்தால் நல்லது. பொத்தானை அழுத்தி அழுத்திக் குறைப்பதற்குள் குருவானவர் அடுத்த செபத்தைத் தொடங்கிவிடுவார். கட்டைகள் முழு அளவா, சிறு அளவா என்று பாருங்கள். சிறு கட்டையில் பழகிய பிள்ளை பெரிய கருவியில் தடுமாறும். காலால் மிதிக்கும் பெடல் இருந்தால், கருவியை இயக்கும்போது அதன்மேல் கால் வைக்காதீர்கள்; பல கருவிகளில் அதன் வேலை தலைகீழாகிவிடும். நம் ஊர்க் கடற்காற்றின் உப்புக்குக் குமிழும் பொத்தானும் தப்புவதில்லை. ஒவ்வொரு முறையும் துணி போர்த்தி மூடிவையுங்கள்.

கடைசி வேண்டுகோள்தான் முக்கியமானது. கடைக்குப் போகும் அன்று உபதேசியார் ஐயாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் விரல்கள் தேர்ந்தெடுக்கும் கருவி நம் எல்லாருக்கும் ஏற்றதாக இருக்கும். வாடகைக் காரின் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.